காயம் ஆற எத்தனை ஆண்டு? பாரிஸில் ஒரு நீண்ட ஆய்வு

2015 நவம்பர் 13, வெள்ளிக்கிழமை இரவு. பாரிஸை ஒட்டியுள்ள ஸ்டாட் து பிரான்ஸ் விளையாட்டரங்கின் வாசல், நகரின் கிழக்குப் பகுதி உணவகங்கள், பாட்டக்ளான் இசையரங்கம் என அடுத்தடுத்து நடந்த பயங்கரவாதத் தாக்குதல்களில் 130 பேர் கொல்லப்பட்டனர். அவர்களில் 90 பேர் பாட்டக்ளானில் இறந்தவர்கள். காயமடைந்தோர் 400-க்கும் மேல். உடம்பில் கீறல்கூட இல்லாமல் வீடு திரும்பி, பிறகு உறக்கத்தைத் தொலைத்தவர்கள் இந்தக் கணக்கில் இல்லை.

ஐந்தாவது நாளே, பிரான்ஸின் தேசிய அறிவியல் ஆய்வு மையத்தின் அப்போதைய தலைவர் ஆலன் ஃபுக்ஸ், ஆய்வாளர் சமூகத்துக்கு ஓர் அழைப்பு விடுத்தார்: இந்தத் தாக்குதல் எழுப்பும் கேள்விகளுக்கு அறிவியல் முன்வர வேண்டும் என்று. வரலாற்றாய்வாளர் தெனி பெஷான்ஸ்கியும் நரம்பியல் உளவியல் அறிஞர் ஃபிரான்சிஸ் யூஸ்டாஷும் கைகோத்தனர். அப்படிப் பிறந்ததுதான் 'நவம்பர் 13 திட்டம்'. அதன் காலம் 12 ஆண்டுகள்.

ஏன் இவ்வளவு நீண்ட காலம்? பேரதிர்ச்சி எல்லாரையும் ஒரே மாதிரி தாக்குவதில்லை. சிலர் சில வாரங்களில் தேறிவிடுவார்கள். சிலருக்குப் பல மாதம் கழித்தே தொல்லை தலைதூக்கும். சிலர் ஆண்டுக்கணக்கில் அவதிப்பட்டு மெல்ல மீள்வார்கள். ஒரே ஒரு முறை கேட்டு எழுதிக்கொள்ளும் ஆய்வில் இந்த வேறுபாடுகள் பிடிபடாது.

ஆகவே ஏறத்தாழ ஆயிரம் தன்னார்வலர்களை நான்கு வட்டங்களாகப் பிரித்தார்கள். உயிர்தப்பியவர்கள், நேரில் கண்டவர்கள், உறவுகளை இழந்தவர்கள், மீட்புக்குப் போன காவலர்களும் மருத்துவர்களும் முதல் வட்டம். தாக்கப்பட்ட பகுதிகளில் வசிப்பவர்கள் இரண்டாவது. பாரிஸ் பெருநகரின் மற்றவர்கள் மூன்றாவது. கான், மெஸ், மோன்பெலியே போன்ற தொலைவூர்க்காரர்கள் நான்காவது. 2016, 2018, 2021, 2026 என நான்கு சுற்றுகளில் இவர்களின் வாக்குமூலங்களைக் காணொளியாகப் பதிவு செய்வது ஏற்பாடு. முதலில் மனம்போல் பேசவிட்டு, பிறகே வரிசையாகக் கேள்வி கேட்கிறார்கள்.

முதல் வட்டத்தில் ஒரு பகுதியினர் கான் நகரில் எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கும் உட்பட்டனர். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு கண்டவர்களைக் கொடுமைப்படுத்துவது, அழைக்காமலே வந்து நிற்கும் நினைவு. வெடிச்சத்தம், ரத்தம், அலறல் எல்லாம் இப்போதுதான் நடப்பதுபோல் திரும்பத் திரும்ப வரும். இதன் காரணத்தை அறிய, தாக்குதலோடு தொடர்பே இல்லாத சாதாரணச் சொற்களையும் படங்களையும் இணைத்து மனப்பாடம் செய்யவைத்தார்கள். பிறகு சொல்லைக் காட்டி, படம் நினைவுக்கு வராமல் தடுக்கச் சொன்னார்கள்.

2020-ல் 'சயின்ஸ்' இதழில் முடிவு வெளியானது. தாக்குதலுக்கு உள்ளான 102 பேரும், உள்ளாகாத 73 பேரும் அதில் இடம்பெற்றனர். கோளாறு இல்லாதவர்களிடம், வேண்டாத நினைவு எழுந்ததும் மூளையின் முன்பகுதி செயல்பட்டு, ஹிப்போகேம்பஸ் போன்ற நினைவுப் பகுதிகளின் வேகத்தைக் குறைத்தது. தாக்குதலில் சிக்கியும் கோளாறுக்கு ஆளாகாதவர்களும் இவர்களில் அடக்கம். கோளாறு உள்ளவர்களிடம் இந்தக் கட்டுப்பாடு பலவீனமாக இருந்தது. சிக்கல் அந்த இரவின் நினைவில் மட்டும் இல்லை. எந்த நினைவையும் அடக்கும் திறனே குலைந்திருக்கிறது என்று அறிந்தபோது சிகிச்சைக்கும் புதிய வழி தென்பட்டது.

2025-ல் வந்த தொடர் ஆய்வு இன்னும் நம்பிக்கை தந்தது. கோளாறிலிருந்து மீண்டவர்களிடம் இந்தக் கட்டுப்பாட்டுத் திறன் மறுபடி வலுப்பெற்றிருந்தது. ஆண்டுகள் கழிந்தும் மூளையால் தன்னைச் சீர்செய்துகொள்ள முடிகிறது. ஒரே ஆட்களை மீண்டும் மீண்டும் பரிசோதித்திராவிட்டால் இது தெரியவே வந்திருக்காது.

பெஷான்ஸ்கி குழு கவனித்த இன்னொன்று சமூகத்தின் மறதி. ஆண்டுகள் செல்லச் செல்ல, பொதுமக்கள் அந்த இரவைப் பாட்டக்ளானோடு மட்டுமே சேர்த்து நினைக்கிறார்கள். விளையாட்டரங்க வாசலும் உணவகங்களும் நினைவிலிருந்து நழுவுகின்றன. அங்கே பிழைத்தவர்களுக்கும், உறவை இழந்தவர்களுக்கும் இது மற்றொரு காயம். தனிமனிதர் தேறுவதில் ஊர் எதை நினைவில் வைத்திருக்கிறது என்பதற்கும் பங்கு உண்டு என்பதால்தான், வரலாற்றாய்வாளரும் மூளை ஆய்வாளரும் ஒரே மேசையில் அமர்ந்திருக்கிறார்கள்.

நார்வேயிலும் இப்படி ஒரு நீண்ட முயற்சி நடந்தது. 2011 ஜூலை 22 அன்று ஓஸ்லோவிலும் உட்டோயா தீவிலும் 77 பேர் கொல்லப்பட்டனர். தப்பிய இளைஞர்கள் தேடி வரட்டும் என்று காத்திராமல், உள்ளாட்சி அமைப்புகளே அவர்களைத் தேடிச் சென்று, குறைந்தது ஓராண்டுக்குத் தொடர்பில் இருக்க ஓர் ஆளை நியமிக்க வேண்டும் என்பது அரசின் அறிவுரை. மருத்துவர் கிரெத்தே டிப் தலைமையிலான குழு அந்த இளைஞர்களை எட்டாண்டுகளுக்கும் மேல் தொடர்ந்து சந்தித்தது. அத்தனை காலத்துக்குப் பிறகும் உதவி தேவைப்பட்டு, அது கிடைக்காதவர்கள் இருந்தனர். ஓராண்டு போதவில்லை.

பாரிஸின் கணக்கும் 130-ல் நிற்கவில்லை. தாக்குதலில் தப்பி, பின்னாளில் தம் உயிரை மாய்த்துக்கொண்ட இருவரையும் சேர்த்து இப்போது 132 என்கிறார்கள். அவர்களில் ஒருவர் இறந்தது 2024-ல், அதாவது அந்த இரவுக்கு எட்டரை ஆண்டுகள் கழித்து. உதவித்தொகைக்கும் மனநலச் சிகிச்சைக்கும் காலக்கெடு வகுக்கும் எந்த அரசும் முதலில் பார்க்க வேண்டிய எண் இதுதான்.