மாநாட்டு நகரம் எப்போது முடிவாகிறது? கொல்கத்தா ‘ஆசியாகிரிப்ட்’ காட்டும் நாட்காட்டிக் கணக்கு

கொல்கத்தா: குறியாக்கவியல் ஆய்வாளர்கள் ஆண்டுதோறும் கூடும் ‘ஆசியாகிரிப்ட்’ மாநாடு, 2024 டிசம்பர் 9 முதல் 13 வரை கொல்கத்தாவில் நடைபெற்றது. வங்கிப் பரிவர்த்தனை முதல் கைப்பேசிக் குறுஞ்செய்தி வரை பிறர் கண்ணில் படாமல் காக்கும் கணித முறைகளை ஆராயும் துறை இது. 1991-இல் ஜப்பானில் இப்பெயருடன் தொடங்கிய இம்மாநாடு, 2005-இல் சென்னைக்கும் 2013-இல் பெங்களூருவுக்கும் வந்தது. இந்தியாவில் இது நடைபெற்ற மூன்றாவது நகரம் கொல்கத்தா.

மாநாட்டின் பின்னே இருப்பது 1982-இல் உருவான பன்னாட்டுக் குறியாக்கவியல் ஆய்வுக் கழகம். தலைவர், நிகழ்ச்சிக்குழு, கட்டுரைகளை மதிப்பிடுவோர், வரவேற்கும் நகரத்தின் அமைப்பாளர் ஆகியோரில் பெரும்பாலோர் தம் பல்கலைக்கழகப் பணிக்கு நடுவே ஊதியமின்றி உழைப்பவர்கள். ஒலிம்பிக் போட்டிக்கு நகரம் தேடுவதற்கென இருப்பதுபோல் முழுநேர அலுவலகம் எதுவும் இவர்களுக்கு இல்லை. எனவே, அடுத்த மாநாட்டை எந்த நகரத்துக்கு அளிப்பது என்ற கேள்வியைவிட, அந்த முடிவை எந்த மாதத்துக்குள் எடுப்பது என்ற கேள்வியே இவர்களை அதிகம் வாட்டுகிறது.

பின்னோக்கி எண்ண வேண்டிய மாதங்கள்

கணக்கை மாநாட்டு நாளிலிருந்து பின்னோக்கித் தொடங்க வேண்டும். டிசம்பர் மாநாட்டுக்கான கட்டுரைகள் பொதுவாக மே மாதத்தில் வந்து சேர்கின்றன. எவை ஏற்கப்பட்டன என்பது ஆகஸ்ட் வாக்கில்தான் தெரியவரும். வெளிநாட்டு ஆய்வாளர் ஒருவர் பயணச்சீட்டு வாங்குவதும் விசாவுக்கு விண்ணப்பிப்பதும் அதன் பிறகே.

இந்தியாவில் நடைபெறும் மாநாட்டுக்கு வருவோருக்கு அழைப்புக் கடிதம் மட்டும் போதாது. அமைப்பாளர்கள் உள்துறை அமைச்சகத்தின் நிகழ்வு ஒப்புதலையும் வெளியுறவு அமைச்சகத்தின் அரசியல் அனுமதியையும் முன்கூட்டியே பெற்றிருக்க வேண்டும். அந்த விண்ணப்பத்துக்கு நாளும் இடமும் உறுதியாகியிருக்க வேண்டும். இடம் உறுதியாக வேண்டுமெனில் அரங்கத்துக்கு முன்பணம் கட்டியாக வேண்டும். நகரமே முடிவாகாத நிலையில் முன்பணம் கட்ட யார் முன்வருவார்?

கொல்கத்தாவுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஆகஸ்டில் கட்டுரை முடிவுகள் வெளியானதும் வேலைகள் சூடுபிடிக்கும் வேளையில் துர்கா பூஜை வந்துவிடும். 2024-இல் அது அக்டோபர் இரண்டாம் வாரத்தில் வந்தது. அந்நாட்களில் மாநில அரசு அலுவலகங்கள் தொடர் விடுமுறையில் இருக்கும். அச்சகம் முதல் வாடகை வாகனம் வரை நகரின் கவனம் முழுவதும் பந்தல்களின் பக்கம் திரும்பிவிடும். அதைத் தொடர்ந்து வரும் அக்ரஹாயண மாதம், அதாவது டிசம்பர் நடுப்பகுதி வரை, வங்காளிகளின் திருமணக் காலம். நம் மார்கழியைப் போலவே அங்குப் பௌஷ மாதத்தில் திருமணங்கள் இல்லை. ஆகவே டிசம்பர் இரண்டாம் வாரத்தில் மாநாடு வைப்பவர், அரங்கத்துக்கும் விடுதி அறைக்கும் மணவீட்டாருடன் போட்டியிட நேரிடும். இத்தகைய உள்ளூர்க் கணக்குகள் வெளிநாட்டில் அமர்ந்து விண்ணப்பங்களைப் பரிசீலிப்போருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. விண்ணப்பிக்கும் குழுதான் அவற்றை எழுதிக்கொடுக்க வேண்டும்.

நகரத் தேர்வு குறைந்தது ஒன்றரை, இரண்டு ஆண்டுகளுக்கு முன்னதாகவே முடிந்துவிட வேண்டிய காரணம் இதுவே. ஐந்து நாள் மாநாட்டுக்கே இந்த நிலை எனில், பெரிய மாநாடுகளுக்குக் கேட்கவே வேண்டாம். 2010 ஆகஸ்டில் ஹைதராபாத்தில் நடைபெற்ற உலகக் கணிதவியலாளர் மாநாட்டுக்கான முடிவு, நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 2006-இல் ஸ்பெயினின் சாந்தியாகோ தெ கொம்போஸ்தெலா நகரில் கூடிய பொதுக்குழுவில் எடுக்கப்பட்டது.

கோவையில் நேர்ந்தது

கால அவகாசம் போதாமல் போனால் என்னவாகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. ஒன்பதாவது உலகத் தமிழ் மாநாடு 2010 ஜனவரியில் கோவையில் நடைபெறும் என 2009 செப்டம்பரில் அப்போதைய முதலமைச்சர் மு.கருணாநிதி அறிவித்தார். உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்தின் தலைவராக அப்போது இருந்தவர் ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமா. ஆய்வு மாநாடு பொருளுடையதாக அமைய ஓராண்டு அவகாசமேனும் வேண்டும் என்பது அவரது நிலைப்பாடு. 2010 டிசம்பர் அல்லது 2011 ஜனவரி என அவர் யோசனை கூறினார். அரசு ஜூன் வரை தள்ளிவைக்க இசைந்தது; அதற்கு மேல் இசையவில்லை. சட்டமன்றத் தேர்தல் 2011-இல் வரவிருந்தது. முடிவில், மன்றத்தின் பங்கேற்பின்றி, ‘உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு’ என்ற வேறு பெயரில் 2010 ஜூன் 23 முதல் 27 வரை கோவையில் விழா நடைபெற்றது. மன்றத்தின் ஒன்பதாவது மாநாடு கோலாலம்பூரில் கூட 2015 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நிதியும் அரங்கமும் ஆள்பலமும் தயாராக இருந்த நகரில், சில மாத இடைவெளியில் உடன்பாடு நழுவியது.

முன்கூட்டியே முடிவெடுப்பதிலும் இடர் இல்லாமல் இல்லை. கொரோனா பெருந்தொற்றால் 2020, 2021 ஆசியாகிரிப்ட் மாநாடுகள் இணையவழியில் நடந்தன. கட்டற்ற மென்பொருளான டெபியனை உருவாக்கும் தன்னார்வலர்களின் ‘டெப்கான்ஃப்’ மாநாட்டில் வரிசையே நகர்ந்தது. 2021-க்கு உரிய கொசோவோ 2022-க்குத் தள்ளிப்போக, 2022-க்கு உரிய கொச்சி 2023 செப்டம்பருக்குத் தள்ளிப்போனது. கல்லூரி மாணவர்களும் இளம் பொறியாளர்களும் நிறைந்த குழுவுக்கு ஓராண்டு தள்ளிப்போவது சிறிய செய்தியன்று. இதற்குள் ஒருவர் வேறு நாட்டில் வேலைக்குச் சேர்ந்திருப்பார், இன்னொருவர் தேர்வெழுதிக்கொண்டிருப்பார். அப்படியும் கொச்சிக் குழு நிலைத்தது. 35 நாடுகளைச் சேர்ந்த 470-க்கும் மேற்பட்டோர் அங்குக் கூடினர்.

தேர்வாகாத நகரங்களைப் பற்றிப் பெரும்பாலும் எவரும் பேசுவதில்லை. முடிவு விரைவில் தெரிவிக்கப்பட்டால்தான் அவர்கள் அரங்க முன்பதிவை விடுவிக்கவும், அடுத்த ஆண்டுக்கு மறுபடியும் விண்ணப்பிக்கவும் இயலும். விண்ணப்பக் கெடுவை இருமுறை நீட்டும் குழுக்கள், முதலில் வந்தவரையே அதிகம் காக்கவைக்கின்றன என்பது கவனிக்கத்தக்கது.

கொல்கத்தாவைப் பொறுத்தவரை, தகுதி ஓர் ஆண்டில் வந்ததன்று. ‘இண்டோகிரிப்ட்’ என்ற இந்திய மாநாட்டுத் தொடர் 2000 டிசம்பரில் தொடங்கியது இந்நகரில்தான். 1931-இல் மகாலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைச் சூழ்ந்து வளர்ந்த ஆய்வாளர் வட்டமே அதற்கு அடித்தளம். அந்நிறுவனத்தின் பிமல் ராய், 2005 சென்னை மாநாட்டின் நிகழ்ச்சிக்குழுத் தலைவராக இருந்தவர். அந்தச் சென்னை மாநாட்டுக்கும் கொல்கத்தா மாநாட்டுக்கும் இடையே 19 ஆண்டுகள் கடந்தன. கொல்கத்தாவை அடுத்து, 2025 டிசம்பரில் மாநாட்டை நடத்தும் முறை மெல்போர்னுக்குச் சென்றது.