உங்களுக்குத் தெரியுமா? செல்லுக்குள்ளே இத்தனை அதிசயமா!

'செல்' என்று பெயர் வைத்த ராபர்ட் ஹூக், 1665-ல் நுண்ணோக்கியில் பார்த்தது உயிரில்லாத தக்கைச் சீவலை! உள்ளே உட்கரு இல்லை, சைட்டோபிளாசம் இல்லை. மிஞ்சியிருந்தது வெறும் செல்சுவர்தான். அதோடு விட்டாரா மனிதர்? ஒரு கன அங்குலத் தக்கையில் இப்படி எத்தனை அறைகள் என்று கணக்கும் போட்டார். விடை: 125 கோடியே 97 லட்சத்து 12 ஆயிரம்!

பஞ்சைப் பிரித்து ஒரே ஒரு இழையை மட்டும் உருவி எடுங்கள். அது ஒற்றைச் செல்! பருத்தி விதையின் தோலிலிருந்து இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்கு வளர்ந்த ஒரே செல். காய் வெடித்துக் காய்ந்ததும் மிஞ்சுவது பெரும்பாலும் செல்லுலோஸ் சுவர்தான். ஆக, நீங்கள் கட்டும் பருத்தி வேட்டியும் சேலையும் முழுக்க முழுக்கச் செல்சுவர்!

பள்ளி ஆய்வகத்தில் வெங்காயத் தோலை உரித்து, சாஃப்ரனின் ஒரு சொட்டு விட்டு, காற்றுக்குமிழி வராமல் ஊசியால் கவர் ஸ்லிப்பைச் சாய்த்து மூடிப் பார்த்திருப்பீர்கள். செங்கல் அடுக்கிய மாதிரி வரிசை வரிசையாகச் செல்கள்! சரி, தாவர செல்தானே, அதில் பசுங்கணிகம் எங்கே? தேடித்தேடிப் பார்த்தாலும் ஒன்றுகூடக் கிடைக்காது!

அதே வெங்காயம் அடுப்படியில் உங்களை அழவைக்கிறதே, அதுவும் செல் பாடம்தான்! நொதி இருப்பது நுண்குமிழுக்குள். கந்தகச் சேர்மம் இருப்பது வெளியே சைட்டோபிளாசத்தில். இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய சவ்வு. கத்தி பட்டதும் சவ்வு கிழியும், இரண்டும் கலக்கும், வாயு கிளம்பும். கண்ணில் தாரை தாரையாக நீர்!

பச்சை மிளகாய் பழுத்துச் சிவப்பது எப்படி? பசுங்கணிகமே வண்ணக்கணிகமாக உருமாறிவிடுகிறது! ஆனால் செம்பருத்தியின் சிவப்புக்கு முகவரியே வேறு. அந்தச் சாயம் கரைந்திருப்பது நுண்குமிழ் நீரில்!

சேப்பங்கிழங்கு நறுக்கினால் கை அரிக்கிறதா? சில செல்களுக்குள் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. அவைதான் குத்துகின்றன!

இலையில் ஒரு சதுர மில்லிமீட்டர் இடத்தில் மட்டும் சுமார் 5 லட்சம் பசுங்கணிகங்கள்!

உங்கள் ஒரு செல்லின் உட்கரு, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட வராது. அதற்குள் சுருண்டு கிடக்கும் டி.என்.ஏ.வை நீட்டினால் 2 மீட்டர்!

உட்கருவே இல்லாமல் 120 நாள் ஓடியாடி வேலை செய்யும் செல் எது? உங்கள் ரத்தச் சிவப்பணு! மைட்டோகாண்ட்ரியாவும் அதில் கிடையாது. உடல் புதிதாகத் தயாரித்து அனுப்பும் சிவப்பணுக்கள் வினாடிக்கு 20 லட்சத்துக்கும் மேல்!

நான் சேர்த்த செய்திகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 'செல்லின் ஆற்றல் நிலையம்' என்று ஒரு மதிப்பெண்ணுக்கு எழுதுவோமே, அந்த மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் தனியாகத் திரிந்த பாக்டீரியா! அதனிடம் சொந்த டி.என்.ஏ. இருக்கிறது, மனிதரில் 37 மரபணுக்கள். அது வருவது அம்மாவிடமிருந்து மட்டுமே; அம்மாவுக்கு அவருடைய அம்மாவிடமிருந்து! மைட்டோகாண்ட்ரியா பாக்டீரியாவாக இருந்தது என்பதை வாதாடி நிலைநாட்டியவர் லின் மார்குலிஸ். 1967-ல் அச்சேறும் முன் அவருடைய கட்டுரையைத் திருப்பி அனுப்பிய ஆய்விதழ்கள் சுமார் 15!

கோல்கை உறுப்பை கமில்லோ கோல்கி 1898-ல் அறிவித்தது ஆந்தையின் மூளை செல்லில் பார்த்து! 'அது வெறும் சாயக் கறை' என்றார்கள் பலர். எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்து வழக்கைத் தீர்த்தது 1950-களில். அரை நூற்றாண்டுச் சண்டை!

ரைபோசோமின் உருவத்தை அணு அணுவாகக் காட்டி 2009-ல் நோபல் பரிசை வென்ற மூவரில் ஒருவர் வெங்கி ராமகிருஷ்ணன். பிறந்த ஊர் நம்ம சிதம்பரம்!

தாவரத்துக்கு மட்டுமே பசுங்கணிகம் என்று விடைத்தாளில் எழுதுகிறோம். அமெரிக்கக் கிழக்குக் கரையோரக் கடல் நத்தை ஒன்று பாசியைத் தின்று, அதன் பசுங்கணிகங்களை மட்டும் செரிக்காமல் தன் செல்களுக்குள் பதுக்கிக்கொள்கிறது! உடம்பே இலைப் பச்சை! திருடிய பசுங்கணிகங்கள் அதற்குள் மாதக்கணக்கில் இருக்கும்!

மைட்டோகாண்ட்ரியா அறவே இல்லாத உட்கரு உயிரியும் உண்டு. சின்சில்லா என்னும் கொறிவிலங்கின் குடலில் கிடைத்தது. அறிவித்த ஆண்டு 2016!

செல் என்றாலே கண்ணுக்குத் தெரியாத பொடி என்று யார் சொன்னது? காலெர்பா என்ற கடற்பாசியைப் பாருங்கள். தண்டு மாதிரி, இலை மாதிரி, வேர் மாதிரி எல்லாம் இருக்கும். நடுவே ஒரு தடுப்புச் சுவர்கூடக் கிடையாது. நம் மன்னார் வளைகுடாவிலும் இதன் இனங்கள் வளர்கின்றன. மத்தியதரைக் கடலில் பரவிய ஓர் இனம் இருக்கிறதே, அது ஒரே செல். நீளம் 3 மீட்டர் வரை!