எந்தச் சூத்திரம் என்று யார் சொல்வார்?

ஆகாயகங்கை அருவியாக விழும் ஐயாறு கொல்லிமலையை விட்டு இறங்கிவரும் அடிவாரம், திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலை. அங்கே நின்று ஒரு முகட்டைப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். ஏற்றக்கோணம் 30°. முகட்டை நோக்கி 200 மீட்டர் நடந்து மறுபடி பார்த்தால் 45°. முகட்டின் உயரம் என்ன?

பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் பயிற்சி 6.2 இந்த வகைதான். அந்தப் பாடம் நடக்கும் வாரத்தில் கொடுத்தால், மாணவர்கள் படம் வரைந்து, டேன் போட்டு, ஏறக்குறைய 273 மீட்டர் என்று விடை சொல்லிவிடுவார்கள். அதே கணக்கைத் திருப்புதல் தேர்வில் ஆயத்தொலை வடிவியலுக்கும் அளவியலுக்கும் நடுவே வைத்தால், “சார், இது எந்தப் பாடம்?” என்ற கேள்வி எழுகிறது.

அந்தக் கேள்வியைக் கவனிக்க வேண்டும். சூத்திரம் தெரியும், பெருக்கவும் வகுக்கவும் தெரியும். எந்தச் சூத்திரம் என்று முடிவெடுக்க மட்டும் அந்தப் பிள்ளை பழகவில்லை. பயிற்சியின் தலைப்பே அதுவரை அந்த முடிவை எடுத்துக் கொடுத்துவிட்டது.

அமெரிக்காவின் தென் புளோரிடா பல்கலைக்கழகத்தில் டக் ரோரரும் கெல்லி டெய்லரும் இதைச் சோதித்து 2007-இல் வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களுக்கு நான்கு வகைத் திண்மங்களின் கனஅளவு காணக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு குழு வகைவகையாகப் பிரித்துப் பயிற்சி செய்தது. மற்றது எல்லாவற்றையும் கலந்து செய்தது. பயிற்சியின்போது பிரித்துச் செய்தவர்கள் 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள், கலந்து செய்தவர்கள் 60 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ முதல் குழு 20 சதவீதத்துக்கு இறங்கியது. கலந்து செய்த குழு 63!

பள்ளியிலும் இது பலிக்குமா? ரோரரின் குழு 2020-இல் வெளியிட்ட ஆய்வில் புளோரிடாவின் 54 ஏழாம் வகுப்புகள், 787 மாணவர்கள். சில மாதங்கள் கலப்புப் பயிற்சித் தாள் செய்தவர்கள், ஒரு மாத இடைவெளிக்குப் பிறகு முன்னறிவிப்பில்லாமல் வைத்த தேர்வில் 61 சதவீதம் எடுத்தார்கள், மற்றவர்கள் 38. புதிய பாடத்திட்டமோ கருவியோ இதற்குத் தேவைப்படவில்லை. கணக்குகளின் வரிசையை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

கொல்லிமலையைத் தாங்கி நிற்கும் நாமக்கல் மாவட்டம், உண்டு உறைவிடப் பள்ளிகளுக்குப் பேர்போனது. தினமும் தேர்வு, விடியற்காலைப் படிப்பு என்று அங்கே வளர்ந்த முறையை முழுக்கத் தள்ளிவிட முடியாது. படித்ததையே திரும்பப் படிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பதே நெடுநாள் நிற்கும் என்பது உளவியல் ஆய்வுகள் உறுதியாகச் சொல்லும் செய்தி. ஆனால் அதே புத்தகக் கணக்குகளையே திரும்பத் திரும்பப் போடவைத்தால் கைதான் பழகும். மாநிலத்தின் பல தனியார் பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு ஆண்டும் நடத்தியது இன்னும் பெரிய தவறு. அதைத் தடுக்கத்தான் 2017-18-இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது; 2025-இல் அது கைவிடப்பட்டது.

கலப்புப் பயிற்சியோ, அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் நாளைக்கே தொடங்கக்கூடிய வேலை. வீட்டுப்பாடம் பத்துக் கணக்கு என்றால், நான்கு இன்றைய பாடத்திலிருந்து, ஆறு பழைய பாடங்களிலிருந்து, தலைப்பில்லாமல். அளவியலில், உலோகக் கோளத்தை உருக்கிக் கம்பியாக நீட்டும் கணக்கையும் கூம்பு வடிவக் கூடாரத்துக்குத் துணி வாங்கும் கணக்கையும் அடுத்தடுத்து வைக்கலாம். முதலாவதில் மாறாமல் நிற்பது கனஅளவு, இரண்டாவதில் வேண்டியது வளைபரப்பு. விடை காண்பதற்கு முன், “இதில் எதைக் கேட்கிறார்கள், ஏன்?” என்று மாணவர் ஒரு வரி எழுத வேண்டும். சில நாள் அந்த ஒரு வரியை மட்டும் திருத்தினாலே போதும்.

தொடக்கத்தில் தப்புகள் கூடும். 2007 ஆய்வில் பயிற்சியின்போது 60 சதவீதம் எடுத்தவர்களுக்குத் தாங்கள் பின்தங்கியதாகவே தோன்றியிருக்கும். ஆகவே முதல் கலப்புத் தாளைக் கொடுக்கும்போதே 89, 60, 20, 63 என்ற நான்கு எண்களையும் கரும்பலகையில் எழுதி, என்ன நடந்தது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும். அந்தத் தாளின் மதிப்பெண்ணை ரேங்க் கார்டில் ஏற்றவும் கூடாது.