வெள்ளம் வடிந்த பின் வரும் கணக்கு

இன்ஷூரன்ஸ் இருந்தும் பாதிப் பணம்தான் கைக்கு வருகிறது. ஏன்?

தண்ணீர் வடிய இரண்டு நாள் போதும். கிளெய்ம் முடிய இரண்டு வருடமும் ஆகலாம். மும்பையின் மழைக்காலங்களைக் கடந்த பட்டறைக்காரர் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்.

கிழக்குப் புறநகரான விக்ரோலிக்கு இரண்டு பயங்கள். ரயில் பாதைக்கு மேற்கே பார்க் சைட், சூர்யா நகர் என்று குன்றின் சரிவில் ஏறிக்கொண்டே போகும் வீடுகள். கிழக்கே தாகூர் நகர், கன்னம்வார் நகர் என்று வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகள். இன்னும் கிழக்கே போனால் சதுப்புக் காடும் தாணே கழிமுகமும். மேற்கில் மண் சரியும். கிழக்கில் தண்ணீர் தேங்கும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாகி, நகரமே மூழ்கியது. 2021 ஜூலை 18 அதிகாலையில் செம்பூர் பாரத் நகரிலும் விக்ரோலி சூர்யா நகரிலும் சுவரும் மண்ணும் சரிந்து, உறங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் விழுந்தன. அன்று மும்பையில் இறந்தவர்கள் 30 பேருக்கு மேல்.

உயிருக்கு அரசு நிவாரணம் அறிவிக்கிறது. வீட்டுக்கும் இயந்திரத்துக்கும் சரக்குக்கும்? சரிவில் இருக்கும் வீடுகளில் இன்ஷூரன்ஸ் என்ற பேச்சே பெரும்பாலும் இல்லை. வங்கிக் கடன் வாங்கியவர்களிடம் பாலிசி இருக்கிறது. ஆனால் அது வங்கி சொன்னதற்காக எடுத்தது. பிரித்துப் படிக்காமல் பீரோவில் வைத்தது. சிக்கலின் முதல் முடிச்சு அங்கேதான் விழுகிறது.

2005ல் பலருக்குக் காத்திருந்த அதிர்ச்சி இது: அப்போது நடைமுறையில் இருந்த தீ விபத்துப் பாலிசியில் புயல், வெள்ளம் ஆகியவற்றுக்கான பாதுகாப்பை வேண்டாம் என்று நீக்கிவிட்டால் பிரீமியம் குறையும். அப்படிச் சில நூறு ரூபாய் மிச்சம் பிடித்தவர்களுக்கு வெள்ளத்துக்குப் பிறகு கேட்க ஒன்றும் இருக்கவில்லை. 2021 ஏப்ரல் 1 முதல் நிலைமை மாறிவிட்டது. வீடுகளுக்கு ‘பாரத் கிருஹ ரக்ஷா’, 5 கோடி ரூபாய் வரை சொத்துள்ள சிறு தொழில்களுக்கு ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்று ஒரே மாதிரியான பாலிசிகளை எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் தர வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட்டது. வெள்ளம், நிலச்சரிவு, பூகம்பம் எல்லாம் இவற்றில் அடக்கம்.

அப்படியானால் பணம் ஏன் குறைகிறது? பதில் ஒரு சாதாரண வகுத்தல் கணக்கில் இருக்கிறது.

ஒரு பட்டறை என்று வைத்துக்கொள்வோம். இயந்திரமும் சரக்குமாக உள்ளே இருப்பது 40 லட்ச ரூபாய். பிரீமியத்தைக் குறைக்க 20 லட்சத்துக்குத்தான் பாலிசி. வெள்ளத்தில் 10 லட்சம் நஷ்டம். 20 லட்சத்துக்குப் பாலிசி இருக்கிறதே, 10 லட்சமும் வந்துவிடும் என்று முதலாளி நினைக்கிறார். வருவது 5 லட்சம். பாதிச் சொத்துக்குத்தான் காப்பீடு செய்தீர்கள், மீதிப் பாதிக்கு நீங்களே பொறுப்பு என்பது காப்பீட்டின் பழைய விதி. அந்த 5 லட்சத்திலும் பாலிசிதாரர் தாங்க வேண்டிய தொகை கழியும். சூக்ஷ்ம உத்யம் பாலிசியில் 15 சதவீதம் வரையிலான குறைவை மன்னித்துவிடுகிறார்கள். அதற்கு மேல் போனால் வெட்டு. நஷ்டம் நேர்ந்த பிறகு இந்தக் கணக்கை எந்த வக்கீலாலும் மாற்ற முடியாது. பாலிசி எடுக்கும் நாளிலேயே கிளெய்ம் பாதி முடிவாகிவிடுகிறது.

வீடுகளுக்கான கிருஹ ரக்ஷாவில் இந்த வெட்டு கிடையாது. ஆனால் அங்கே வேறு குழப்பம். மும்பையில் வீட்டின் விலையில் பெரும் பங்கு நிலத்தின் விலை. காப்பீடு கட்டுமானச் செலவுக்கு மட்டும். 500 சதுர அடி வீட்டைத் திரும்பக் கட்டச் சதுர அடிக்கு 3,000 ரூபாய் என்றால் 15 லட்சம். அதில் 20 சதவீதம், அதாவது 3 லட்சம், வீட்டுச் சாமான்களுக்குத் தானாகவே சேரும் (உச்சவரம்பு 10 லட்சம்). கூட்டுறவுச் சங்கம் கட்டடம் முழுவதற்கும் பாலிசி எடுத்திருக்கலாம். அது சுவருக்கும் தளத்துக்கும்தான். பிரிட்ஜும் கட்டிலும் அதில் வராது.

அடுத்த முடிச்சு காரணம். சுவர் மழையில் விழுந்ததா, ஏற்கனவே உளுத்துப்போயிருந்ததா? தண்ணீர் தெருவிலிருந்து புகுந்ததா, மாடிக் குழாய் கசிந்ததா? தேய்மானத்துக்குப் பாலிசி பணம் தராது, வெள்ளத்துக்குத் தரும். விதிவிலக்கைக் காட்டி நிறுவனம் மறுத்தால், அது பொருந்துகிறது என்று நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்தின் மேல் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. ஆனாலும் பாலிசிதாரரின் கையில் சாட்சி இருந்தால் வழக்கு வரை போக வேண்டியதில்லை.

அந்தச் சாட்சியைச் சேர்க்கக் கிடைப்பது முதல் சில நாட்கள்தான். சேற்றைக் கழுவுவதற்கு முன் சுவரில் தண்ணீர் நின்ற கோட்டைப் படம் எடுக்க வேண்டும். நிறுவனத்துக்கு அன்றே எழுத்தில் தகவல் தர வேண்டும். வருவாய்த் துறையினர் பஞ்சநாமா எழுத வந்தால் நகல் கேட்டு வாங்க வேண்டும். நனைந்த சரக்கை, சர்வேயர் பார்க்கும் முன் காயலான்கடைக்குப் போடக் கூடாது. அதே சமயம் நஷ்டம் மேலும் பெருகாமல் காப்பதும் பாலிசிதாரரின் கடமை. நல்ல சரக்கை உலர்ந்த இடத்துக்கு மாற்றலாம். மாற்றியதைக் குறித்து வைக்க வேண்டும்.

தாராவியின் தையல் பட்டறைகளிலும் தோல் பட்டறைகளிலும் பெரிய சங்கடம் ரசீது. கொள்முதல் பாதி கைமாற்றாக நடக்கும். கணக்குப் புத்தகமும் தண்ணீரில் போயிருக்கும். இதற்கும் வழி உண்டு. வங்கிக் கணக்கு, ஜி.எஸ்.டி. தாக்கல், சரக்கு அனுப்பியவரிடம் இருக்கும் பில் நகல், கடனுக்காக வங்கிக்கு மாதாமாதம் கொடுத்த சரக்குப் பட்டியல் ஆகியவை எல்லாம் ஆதாரமே. அந்தப் பட்டியலில் கடன் கூடுதலாகக் கிடைக்க ஒரு தொகை, வரி குறைய இன்னொரு தொகை என்று எழுதியவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். சர்வேயர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்.

அந்தச் சர்வேயர்தான் இந்த நாடகத்தின் முக்கியப் பாத்திரம். நிறுவனம் அமர்த்துபவர், ஆனால் உரிமம் பெற்ற தனி நபர். அவருடைய மதிப்பீடே முடிவு என்று பலர் நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். 1938ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டமே, அவர் சொன்னதிலிருந்து வேறுபட்ட தொகையைத் தர நிறுவனத்துக்கு இடம் தருகிறது. சர்வேயர் அறிக்கை இறுதி வார்த்தை ஆகாது என்று 2009ல் உச்ச நீதிமன்றமும் கூறியது. எனவே அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி, எந்த இனத்தில் எவ்வளவு வெட்டினார்கள் என்று பார்த்து, வரிக்கு வரி பதில் எழுதுவதுதான் புத்திசாலித்தனம்.

காலக்கெடுவும் இப்போது இறுகியிருக்கிறது. ஆணையத்தின் 2024 ஜூன் சுற்றறிக்கைப்படி, தகவல் கிடைத்த 24 மணி நேரத்தில் சர்வேயரை நியமிக்க வேண்டும். 15 நாளில் அறிக்கை, அது கிடைத்த 7 நாளில் முடிவு. ஆவணம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கிளெய்மை நிராகரிக்கவும் கூடாது.

‘முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி கோரிக்கை இல்லை’ என்ற வவுச்சரை நீட்டுவார்கள். தொழில் நின்றுபோய், வட்டி ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் யார் மறுப்பார்கள்? வற்புறுத்தலின் பேரில் போட்ட கையெழுத்து நுகர்வோர் வழக்கைத் தடுக்காது என்று 1999லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் வற்புறுத்தல் இருந்ததை நிரூபிக்க வேண்டும். ஒப்புக்கொள்ளாத தொகையைப் பற்றி அப்போதே ஒரு கடிதம் அனுப்பி வைப்பது பின்னால் உதவும்.

நிறுவனம் மறுத்தாலோ, புகாருக்கு ஒரு மாதமாகப் பதில் இல்லை என்றாலோ, ஓம்புட்ஸ்மனிடம் போகலாம். கட்டணமும் வக்கீலும் வேண்டாம். தனி நபர்களும், ஒருவரே நடத்தும் தொழில்களும், மிகச் சிறு நிறுவனங்களும் 50 லட்ச ரூபாய் வரை கேட்கலாம். நிராகரித்த ஓராண்டுக்குள் போக வேண்டும். எந்த அலுவலகம் என்பது பாலிசியிலேயே அச்சாகியிருக்கும். அதிலும் திருப்தி இல்லையென்றால் நுகர்வோர் ஆணையம். அதற்குக் கெடு இரண்டு ஆண்டு.

இவ்வளவு வழிகள் இருந்தும், முதல் தொகையை வாங்கிக்கொண்டு ஒதுங்குபவர்கள் ஏராளம். சட்டம் தெரியாதது ஒரு காரணம். கடையைத் திறந்தாக வேண்டிய அவசரம் இன்னொன்று.

மும்பையில் மழை ஜூனில் தொடங்கும். மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பீரோவிலிருந்து பாலிசியை எடுத்து, அதில் உள்ள தொகையையும் பட்டறையில் உள்ள சரக்கையும் ஒப்பிட்டுப் பார்க்க அரை நாள் போதும். அறையின் நான்கு மூலைகளையும் செல்போனில் படம் எடுத்து, பில்களின் நகலோடு ஊரில் இருக்கும் உறவினருக்கு அனுப்பி வைக்கலாம். திருநெல்வேலியில் இருக்கும் நகலை மித்தி ஆறு நனைக்காது.