தறிக்கு ஒரு கண்ணாடி. துப்பாக்கிக்கு ஒரு கண்ணாடி!

காஞ்சீபுரம்:-

"சோடாபுட்டி சுட்டா பலூன்காரனுக்குத்தான்டா லாபம்!"

வைகாசி கருட சேவைக் கூட்டத்தில் பலூன் சுடும் கடைப் பக்கம் போய் நின்று பாருங்கள். இப்படி ஒரு கேலி காதில் விழாமல் போகாது. கண்ணாடி போட்ட பையன் துப்பாக்கியைத் தூக்கினால் போதும், கூட வந்த சிநேகிதர்களுக்குக் கொண்டாட்டம்!

கேலி கிடக்கட்டும். கண்ணாடி போட்டவர் குறி பார்த்துச் சுட முடியுமா?

பேஷாக முடியும். ஒலிம்பிக் பதக்கமே வாங்கி இருக்கிறார்கள். ஆனால் எந்தக் கண்ணாடி என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

பேரை வெட்டச் சொன்ன பையன்

பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறி வீடு. பேரன் கல்லூரியில் படிக்கிறான். என்.சி.சி.யில் சேர்ந்து இருக்கிறான். சின்ன வயசிலேயே கண்ணாடி போட்டவன்.

.22 ரைபிளைக் கொடுத்துப் படுத்துச் சுடச் சொன்னார்கள். சுட்டான். குண்டுகள் அட்டையில் திசைக்கு ஒன்றாகப் போய் விழுந்தன. அடுத்த முறையும் அதே கதி.

"எனக்குக் கை நடுங்குது. என் பேரை வெட்டிடுங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டான். முகாமுக்கு ஆள் எடுக்கிற சமயம் வேறு!

தாத்தா ஐம்பது வருஷம் தறியில் உட்கார்ந்தவர். பேரன் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்:-

"சுடும்போது எதைடா கண்ணு பாக்கறே?"

"டார்கெட்டைத்தான் தாத்தா."

"துப்பாக்கி முனை தெரியுதா?"

"மசமசன்னு தெரியுது."

"அப்புறம் எப்படிடா படும்?"

பெரியவர் துப்பாக்கி பிடித்தவர் அல்ல. ஆனால் விஷயத்தை நேராகப் பிடித்துவிட்டார்.

ஒரு மில்லிமீட்டர் செய்யும் வேலை

குறி பார்க்கிறவன் கண்ணுக்கு முன்னால் மூன்று சாமான் இருக்கிறது. கிட்டத்தில் பேக்சைட். துப்பாக்கி முனையில் ஃபோர்சைட். தூரத்தில் டார்கெட். மூன்றையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்கிற கண் இன்னும் பிறக்கவில்லை. ஏதாவது ஒன்றைத்தான் கூர்மையாகப் பார்க்க முடியும்.

எதைப் பார்ப்பது? ஃபோர்சைட்டைத்தான்!

ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டையின் நடுவில் 10 மார்க் வட்டம் 11.5 மில்லிமீட்டர் அகலம். ஒரு சட்டைப் பொத்தான் அளவு.

கை மொத்தமாக ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால், குண்டும் ஒரு மில்லிமீட்டர்தான் நகரும். ஒன்றும் மோசம் இல்லை. பத்து பத்துதான்.

ஆனால் ஃபோர்சைட் மட்டும் பேக்சைட்டின் நடுவில் இருந்து ஒரு மில்லிமீட்டர் விலகட்டும். இரண்டுக்கும் இடையே சுமார் 30 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 10 மீட்டர் தள்ளி இருக்கிற அட்டையில் குண்டு 33 மில்லிமீட்டர் விலகிப் போய் விழும். பத்து வாங்க வேண்டியவருக்கு ஆறுதான் கிடைக்கும்!

டார்கெட் கொஞ்சம் மங்கினால் குடி முழுகிப் போகாது. முனை மங்கினால் போச்சு. "கை நடுங்குது" என்று ஒதுங்கிப் போகிறவர்களில் எத்தனை பேருக்குக் கையில் கோளாறு, எத்தனை பேருக்குக் கண்ணாடியில் கோளாறு என்று யார் கண்டது?

"தூரத்துக்கா, படிக்கவா?"

கண்ணாடிக் கடைக்குப் போனால் கேட்கிற கேள்வி இதுதான். உலகத்தில் இரண்டே தூரம் இருப்பதுபோல!

தாத்தாவுக்கும் இது நடந்து இருக்கிறது. வெள்ளெழுத்து வந்தது. (பழைய ஆட்கள் சாளேஸ்வரம் என்பார்கள்.) படிக்கிற கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். பேப்பர் நன்றாகத் தெரிந்தது. தறியில் உட்கார்ந்தால் இழை தெரியவில்லை. கோர்வை போடுகிற இடத்தில் கரையும் உடலும் சேருகிறதா என்று பார்க்கக் குனிந்து குனிந்து, முதுகு போயிற்று.

கடைசியில் ஒரு பட்டு இழையை எடுத்தார். கண் ஓரத்தில் இருந்து நெய்கிற இடம் வரை பிடித்து ஒரு முடிச்சுப் போட்டார். நூலோடு கண் டாக்டரிடம் போய், "ஐயா, எனக்கு இத்தனை தூரம் தெரியணும்" என்றார். தறிக்கென்று தனிக் கண்ணாடி வந்தது. முதுகு நிமிர்ந்தது.

துப்பாக்கிக்கும் அதே கதைதான். முனை இருப்பது பேப்பர் படிக்கிற தூரத்திலும் இல்லை, பஸ் போர்டு பார்க்கிற தூரத்திலும் இல்லை. ஏறக்குறைய மூன்றடி.

அரை பவர் ரகசியம்

இளவட்டங்களுக்குக் கவலை இல்லை. அவர்கள் கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் தானாகவே வளைந்து கொடுத்து முனையைப் பிடித்துவிடும். தூரத்துப் பவர் சரியாக இருந்தால் போதும்.

நாற்பது, நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்குத்தான் சிக்கல். அந்த லென்ஸ் விறைத்துப் போயிருக்கும். வெளியில் இருந்து கொஞ்சம் பிளஸ் கொடுக்க வேண்டும்.

எவ்வளவு? ஒரு மீட்டர் தூரத்துச் சாமானை அச்சாகப் பார்க்கப் பிளஸ் ஒன்று தேவை. ஆனால் முழுசாகக் கொடுத்தால் முனை பளிச்சென்று இருக்கும், டார்கெட் கரைந்தே போய்விடும். ஆகவே பாதி கொடுப்பார்கள். முனை ஒரு மீட்டரில் இருந்தால் பிளஸ் 0.50. எழுபது சென்டிமீட்டரில் இருந்தால் சுமார் 0.75. முனை கூர்மையாகத் தெரியும், டார்கெட்டும் அடையாளம் தெரிகிற அளவுக்கு நிற்கும்.

இதைத் தூரத்துப் பவரோடு கூட்ட வேண்டும். தூரத்துக்குப் பிளஸ் ஒன்று போடுகிறவருக்குப் பிளஸ் ஒன்றரை. மைனஸ் இரண்டு போடுகிறவருக்கு மைனஸ் ஒன்றரை. இது ஆரம்பக் கணக்குதான். கடைசித் தீர்ப்பு உங்கள் கண்ணுடையது.

பைபோகல், புரோகிரசிவ் கண்ணாடிகளை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். தலை அரை அங்குலம் அசைந்தால் பவர் மாறும். துப்பாக்கிக்கு அது ஆகாது.

சர்க்கரை ஏறி இறங்குகிறவர்களுக்குப் பவரும் கூடவே ஏறி இறங்கும். சர்க்கரையைக் கட்டுப்படுத்திய பிறகு பரிசோதனைக்குப் போவது காசுக்கு நல்லது.

பாரிசில் நடந்தது என்ன?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கை மறந்திருக்க மாட்டீர்கள். துருக்கியைச் சேர்ந்த யூசுப் டிகெச். வயது 51. ஒரு கையைப் பையில் விட்டுக்கொண்டு, சாதாரணக் கண்ணாடியோடு நின்று சுட்டார். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் கலப்பு அணியில் வெள்ளி! அந்தப் பிரிவில்தான் நம் மனு பாக்கரும் சரப்ஜோத் சிங்கும் வெண்கலம் வாங்கினார்கள்.

தென் கொரியாவின் கிம் யே-ஜி எதிர்மாதிரி. ஒரு கண்ணுக்கு லென்ஸ், இன்னொரு கண்ணுக்கு மறைப்பு என்று கடிகார ரிப்பேர்காரர் மாதிரி ஒரு சாதனத்தை மாட்டிக்கொண்டு வந்தார். பெண்கள் தனிப்பிரிவில் அவருக்கும் வெள்ளி!

"பார்த்தியா, ஒண்ணுமே தேவை இல்லை" என்று துருக்கிக்காரர் படத்தைக் காட்டிப் பேசியவர்கள் உண்டு. அவர் முகத்தில் இருந்தது பவர் கண்ணாடி என்பதை மட்டும் மறந்துவிட்டார்கள்.

அந்தக் கண்ணை என்ன செய்வது?

டிகெச் இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டே சுடுகிறவர். எல்லாருக்கும் இது கைவராது. மற்றொரு கண்ணில் தெரிகிற உருவமும் சேர்ந்து குழப்பும்.

அதற்காக அந்தக் கண்ணை இறுக மூடினால் குறி பார்க்கிற கண்ணும் கூடவே சுருங்கித் துடிக்கும். சுத்தக் கறுப்பு அட்டையால் மறைத்தாலும் சரிப்படாது. ஒரு கண் இருட்டில் இருந்தால் இரண்டு கண்ணின் பாப்பாவும் விரிந்துவிடும். கூர்மை குறையும். வெளிச்சம் ஊடுருவுகிற வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டுதான் நல்லது. சர்வதேச விதிப்படி அது 30 மில்லிமீட்டர் அகலத்துக்கு மேல் போகக் கூடாது.

ஒற்றைக் கண் கதை காஞ்சிக்குப் புதிது அல்லவே! பார்வை இழந்த சுந்தரர், ஏகாம்பரநாதர் சன்னதியில் இடக்கண் பெற்றார், வலக்கண் பெறத் திருவாரூர் வரை போக வேண்டி இருந்தது என்பது நம் ஊர்க்காரர்கள் அறிந்த கதை.

சிலருக்குக் கை வலது, கண் இடது என்று மாறி இருக்கும். இரண்டு கையையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே ஒரு சின்ன ஓட்டை விட்டு, அதன் வழியே கோபுரக் கலசத்தைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணைத் திறந்திருக்கும்போது கலசம் ஓட்டைக்குள் நிற்கிறதோ, அதுதான் உங்கள் மூத்த கண். துப்பாக்கியைத் தொடுமுன் தெரிந்துகொள்ள வேண்டியது இது.

பலூன் பையனின் குறை

சரி, பிள்ளையார்பாளையத்துப் பையனுக்கு என்ன ஆயிற்று? இள வயசு. அவனுக்கு ஏன் முனை மசமசத்தது?

படுத்துக்கொண்டு கன்னத்தைக் கட்டையில் சாய்க்கும்போது தலை குனிகிறது. கண் மேலே பார்க்கிறது. பார்வை லென்சின் நடுவில் போகாமல், மூக்கோரத்து மேல் மூலையில் போகிறது. பவர் கூடக் கூட, மூலையில் கோணல் அதிகம். அவனுக்குச் சிலிண்டர் பவரும் உண்டு. தலை சாய்ந்தால் சிலிண்டரின் அச்சும் கண்ணோடு பொருந்தாது. போதாக்குறைக்கு வியர்வையில் கண்ணாடி நழுவி, பிரேமின் மேல்விளிம்பே குறுக்கே நின்றது.

துப்பாக்கிக்கென்றே செய்கிற கண்ணாடி இதற்காகத்தான். சுவிட்சர்லாந்தின் 'சாம்பியன்', ஜெர்மனியின் 'நோப்லாக்' ஆகியவை பேர் பெற்றவை. ஒற்றை லென்சை ஒரு வளையத்தில் மாட்டி, மேலே, கீழே, பக்கவாட்டில் நகர்த்தி, பார்வை நட்டநடுவில் நேராகப் போகும்படி நிறுத்திக்கொள்ளலாம். சிலிண்டர் உள்ளவர்கள் லென்சின் அச்சுக்கு ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். திரும்பிவிட்டால் கெட்டது.

விலை கூடுதல். கல்லூரிப் பையன் உடனே வாங்க வேண்டியது இல்லை. பவரைப் புதிதாகப் பார்த்து, உயரமான லென்ஸ் உள்ள பிரேமாக எடுத்து, மூக்குப் பிடியைச் சரிசெய்து கண்ணாடியைத் தூக்கி நிறுத்தி, பின்னால் ஒரு எலாஸ்டிக் கட்டிக்கொண்டால் ஆரம்பத்துக்குப் போதும். லென்ஸ் பாலிகார்பனேட்டாக இருக்கட்டும். உடைந்து கண்ணில் பாயாது. வேட்டி முனையால் துடைக்காதீர்கள், கீறல் விழும்!

பறக்கிற தட்டைச் சுடும் டிராப் போட்டிக்கு இந்தக் கணக்கே வேறு. 2024-ல் பாரிஸ் போன புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமானின் போட்டி அது. அங்கே பார்வை முழுக்கத் தட்டின் மேல்தான். தூரத்துப் பவர் அப்படியே வேண்டும். அகல லென்ஸ் வேண்டும். மஞ்சள், ஆரஞ்சுச் சாயம் உதவும். அறைக்குள் அட்டை சுடுகிறவர்களுக்குச் சாயம் வெட்டிச் செலவு.

கடைக்குத் துப்பாக்கி வேண்டாம்

சில புத்தகங்களில், "துப்பாக்கியையே கண் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்" என்று எழுதி இருக்கிறது. காந்தி ரோட்டில் ரைபிளோடு நடந்து போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவை இல்லை!

தாத்தாவின் வழியே மேல். அடுத்த பயிற்சி நாளில் பையன் ஹவில்தாரிடம் அனுமதி கேட்டான். குண்டு இல்லாத ரைபிளில் வழக்கம்போலப் படுத்துக்கொண்டான். கண் ஓரத்தில் இருந்து ஃபோர்சைட் வரை ஒரு பட்டு நூலைப் பிடித்து முடிச்சுப் போட்டுக்கொண்டான்.

டாக்டர் சோதனைக் கண்ணாடியை மாட்டினார். முடிச்சுத் தூரத்தில் ஒரு பென்சிலை நிறுத்தி, சுவரில் ஒட்டிய கறுப்பு வட்டத்தை அதன் முனைக்கு மேல் பார்க்கச் சொன்னார். தலையைச் சாய்த்தும் பார்க்கச் சொன்னார். பழைய கண்ணாடியில் சிலிண்டரும் குறைவு, அச்சும் தப்பு என்று தெரிந்தது.

புதுக் கண்ணாடி வந்துவிட்டது. பேரை வெட்டவில்லை. அடுத்த சுடும் நாளுக்குக் காத்திருக்கிறான். நூல் தாத்தாவின் தறிக்கால் ஆணியில் தொங்குகிறது.