உஷார்! 'பணம் போட்டாச்சு' என்றால் கைக்கு வந்தாச்சு என்று அர்த்தமில்லை

புதுச்சேரி லாஸ்பேட்டையில் சிவப்பு ரேஷன் கார்டோ மஞ்சள் கார்டோ வைத்திருக்கும் வீட்டுக்காரர்கள், அரசு உதவித்தொகை வாங்கும் பெண்கள் எல்லோரும் இந்த வாரமே பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு போய் என்ட்ரி போட்டுப் பாருங்கள். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தயவுசெய்து தள்ளாதீர்கள்.

எங்கள் தெருவில் மூன்று வீட்டில் சமையல் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். ஏழு மாதமாக அவருக்கு உதவித்தொகை வரவில்லை. ஆபீசில் போய்க் கேட்டால், "உங்களுக்கு மாசாமாசம் போயிட்டுதானேம்மா இருக்கு" என்றார்களாம். போன வாரம் நானும் கூடவே வங்கிக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் ஆதார் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு வேறொரு வங்கியின் பெயரைச் சொன்னார். குழுக் கடனுக்காகப் போன வருஷம் கைரேகை வைத்துத் திறந்த கணக்கு அது. அதன் பாஸ்புக்கை அக்கா கண்ணால்கூடப் பார்த்ததில்லை. குறுஞ்செய்தியெல்லாம் சென்னையில் இருக்கும் மகனின் செல்லுக்குப் போயிருக்கிறது. "அப்போ அந்தப் பணம் இத்தனை நாளா எங்க தம்பி இருந்துச்சு?" என்று கேட்டார்.

இதில் சிக்கல் எங்கே என்றால், ஆதாரை எத்தனை கணக்கோடு வேண்டுமானாலும் இணைக்கலாம். ஆனால் ஆதார் வழியாக வரும் அரசுப் பணம் ஒரே ஒரு வங்கிக்குத்தான் போகும். கடைசியாக எந்த வங்கி உங்கள் ஆதாரை தேசியப் பணப் பட்டுவாடா கழகத்தின் (என்பிசிஐ) பட்டியலில் ஏற்றியதோ, அந்த வங்கிக்கு. புதுக் கணக்கு திறக்கும்போது நீட்டுகிற படிவத்தில் ஒரு டிக் போட்டாலே போதும், பணம் தடம் மாறிவிடும். 2017-ல் சிம் கார்டுக்கு ஆதார் சரிபார்த்தபோதே பலருக்கு, அவர்களுக்குத் தெரியாமல், ஏர்டெல் பேமென்ட்ஸ் வங்கியில் கணக்கு திறக்கப்பட்டு, கேஸ் மானியம் அங்கே போய்ச் சேர்ந்தது. அந்த டிசம்பரில் ஆதார் ஆணையமே தலையிட்டு ஏர்டெல்லின் இ-கேஒய்சி (ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பு) அனுமதியை நிறுத்திவைத்தது.

நம்ம ஊருக்கு இதில் பழைய காயமே உண்டு. 2015 செப்டம்பரில் இந்தியாவிலேயே முதலில் ரேஷன் அரிசிக்குப் பதில் பணம் போடத் தொடங்கிய இடங்களில் சண்டிகரோடு புதுச்சேரியும் ஒன்று. நிதி ஆயோக்குக்காக ஜே-பால் தெற்காசியா அமைப்பு வீடு வீடாகப் போய் விசாரித்தது. கார்த்திக் முரளிதரன், பால் நீஹவுஸ், சந்தீப் சுக்தங்கர் ஆகிய பொருளாதார ஆய்வாளர்கள் முன்னின்ற வேலை அது. திட்டம் தொடங்கி ஒரு வருஷம் தாண்டியும், கேட்கப்பட்டவர்களில் சுமார் 20 சதவீதம் பேர் பணம் வரவில்லை என்றார்கள். அரசுக் கணக்கிலோ தோல்வி 1 சதவீதம்கூட இல்லை! அந்த 20 சதவீதத்தில் சிலருக்குப் பணம் வந்ததே தெரியாமல் இருந்திருக்கலாம், சிலருக்கு எடுக்காத கணக்கில் விழுந்திருக்கலாம், சிலருக்கு நடைமுறையில் பிழை நேர்ந்திருக்கலாம் என்று ஆய்வு சொன்னது. எங்கள் அக்காவின் கதை அதில் இரண்டாவது வகை. யாரும் திருடவில்லை, ஆனாலும் உலை வைக்கப் பணமில்லை.

பிறகு இலவச அரிசிக்குப் பதிலாகச் சிவப்பு கார்டுக்கு 600 ரூபாய், மஞ்சள் கார்டுக்கு 300 ரூபாய் என்று போட்ட காலத்தையும் பார்த்தோம். அரிசியா பணமா என்று அப்போதைய கவர்னர் கிரண்பேடிக்கும் முதல்வர் நாராயணசாமிக்கும் நடந்த சண்டை நீதிமன்றம் வரை போனது. 2024 தீபாவளியை ஒட்டித்தான் ரேஷன் கடைகள் மறுபடி திறந்தன. கடையில் அரிசி போடாவிட்டால் தெருவே கூடி நின்று கேட்கும். கணக்கில் பணம் விழாவிட்டால் அது அந்த ஒரு வீட்டோடு போய்விடுகிறது, பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரிவதில்லை. என் பயமே அதுதான்.

பெண்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். வேறு அரசு உதவி பெறாத குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் திட்டம் 2023 ஜனவரியில் தொடங்கியது. கணக்கு உங்கள் பெயரில் இருந்து, செல் நம்பர் வீட்டுக்காரருடையதாகவும் ஏடிஎம் கார்டு அவர் சட்டைப்பையிலும் இருந்தால், அந்தப் பணத்தை உங்களுடையது என்று எப்படிச் சொல்வது? மத்தியப் பிரதேசத்தில் எரிகா ஃபீல்டு, ரோகிணி பாண்டே உள்ளிட்டோர் ஒரு ஆய்வு செய்தார்கள். நூறு நாள் வேலைக் கூலியைப் பெண்களின் சொந்தக் கணக்கிலேயே போட்டு, அதைப் பயன்படுத்தவும் சொல்லிக்கொடுத்தார்கள். கணக்கு மட்டும் கிடைத்த பெண்களைவிட அவர்கள் அதிகமாக வேலைக்குப் போனார்கள், அரசு வேலைக்கு மட்டுமல்ல, தனியார் வேலைக்கும். கணக்கோடு பயிற்சியும் சேர்ந்ததால் வந்த மாற்றம் இது என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் பணம் எந்த வங்கிக்குப் போகிறது என்று மைஆதார் இணையதளத்திலேயே பார்க்கலாம். ஆதாரில் பதிவான செல்லுக்கு ஓடிபி வரும். "நான் பார்த்துத் தர்றேன்" என்று போனில் கேட்கிற யாரிடமும் அதைச் சொல்லிவிடாதீர்கள். செல் இல்லாதவர்கள் வங்கிக்கே நேரில் போய், "டிபிடி பணம் எந்தக் கணக்குக்கு மேப் ஆகியிருக்கு?" என்று இதே வார்த்தையில் கேளுங்கள் (டிபிடி என்றால் அரசு நேரடியாகக் கணக்கில் போடும் பணம்). "ஆதார் லிங்க் ஆகியிருக்கா?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும், ஏமாந்து திரும்புவீர்கள்.

திங்கட்கிழமை காலையில், முதல் வீட்டுச் சமையலை முடித்துவிட்டு, இதைச் சரிசெய்ய அக்கா என்னோடு வங்கிக்கு வருகிறார். ஆதார், பழைய பாஸ்புக், அவர் பெயரிலேயே நேற்று வாங்கிய சிம், மூன்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு இப்போதே எடுத்து வைத்திருக்கிறார்.