குலசைத் தசராவும் உடன்குடிக் கருப்பட்டியும்

குலசேகரன்பட்டினத்துத் தசராவைக் கேள்வியுற்றோர் பலரும் அதனை வேடத் திருவிழா என்ற அளவிலேயே அறிவர். காளியும் குறத்தியும், அரசனும் ஆண்டியும், குரங்கும் கரடியும் தெருத்தெருவாய்க் காணிக்கை பெற்று நடப்பதும், பத்தாம் நாள் நள்ளிரவிற் கடற்கரையிலே சூரசம்ஹாரம் நிகழ்வதும் ஆண்டுதோறும் பத்திரிகைகளிற் படத்தோடு வெளிவருகின்றன. அவ்வேடங்களின் பின்னே ஒரு பெருஞ்சந்தை உண்டென்பதும், தேரிநிலத்தாரின் உணவையும் கைத்தொழிலையும் அச்சந்தை ஓரிடத்திற் கூட்டி வைக்கிறதென்பதும் அத்துணை அறியப்படவில்லை. அதனையே ஈண்டு எடுத்துரைக்கக் கருதினோம்.

திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரமாய் அமைந்தது இவ்வூர். முன்னாளில் துறைமுகமாய் விளங்கியது. 2024ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28ஆம் நாள் இங்கு ராக்கெட் ஏவுதளத்திற்கு அடிக்கல் நாட்டப்பெற்றது முதல் ஊரின் பெயர் வெளிநாட்டாரும் அறிந்ததாயிற்று. சுற்றுப்புறத்தார்க்கோ இஃது என்றும் முத்தாரம்மன் ஊரே. அம்மை ஞானமூர்த்தீசுவரரோடு ஒரே பீடத்தில் வீற்றிருக்கின்றாள். நேர்ந்துகொண்டோர் விரதமிருந்து, கொடியேறிய பின் கையிற் காப்பணிந்து, வேடம் புனைந்து ஊர்தோறும் இரந்து பெற்றதைக் கோயிலிற் சேர்ப்பர். செல்வரும் இரந்தேயாக வேண்டும் என்பது இவ்விழாவின் சிறப்புகளுள் ஒன்று.

வேடமென்றால் அதற்குரிய பொருள்களும் வேண்டுமன்றோ? சடைமுடி, கிரீடம், நெற்றிப்பட்டை, கண்மலர், வீரப்பல், சூலாயுதம் என்றிவை கடைகடையாய்த் தொங்குகின்றன. தையற்காரர்க்கு இஃது இரவு பகல் ஓயாத காலம். கிரீடம் ஒன்றைத் தலையில் வைத்துப் பார்த்த எம் தோழர், அரை நாழிகை நிற்பதற்குள் கழுத்து நொந்து கழற்றிவிட்டார்; அதனோடு நாள் முழுதும் நடப்போரை நினைந்து வியந்தோம்.

தின்பண்டக் கடைகளில் எம்மை முதலில் இழுத்தது கருப்பட்டி மிட்டாய். அரிசியும் உளுந்தும் அரைத்த மாவைக் கொதிக்கும் எண்ணெயிற் பிழிந்து, வெந்ததும் எடுத்து, சுக்கும் ஏலமும் மணக்கும் கருப்பட்டிப் பாகில் அமிழ்த்துகின்றனர். பக்கத்திலேயே சீனிப் பாகில் இட்டதும் விற்கப்படுகிறது. சிறுவர் அதனை நாடுகின்றனர். முதியோர் கரியதையே கேட்டு வாங்குகின்றனர்.

இனிக் கருப்பட்டியைப் பற்றிச் சற்று விரித்துக் கூறுவோம். குலசைக்கு மேற்கே அணித்தாயுள்ள உடன்குடிதான் அதற்குப் பேர்போன ஊர். தசரா புரட்டாசியிலோ ஐப்பசியிலோ வருவது. பனையேற்றோ பங்குனியை ஒட்டித் தொடங்கி ஆடி ஆவணியளவில் ஓய்ந்துவிடும். ஆதலின் விழாக் கடையில் நாம் காண்பது அவ்வாண்டு வேனிலிற் காய்ச்சிக் காத்து வைத்த சரக்கு. பதநீரும் நுங்கும் அப்போது கிடையா.

பனையில் ஆண்மரத்தை அலகுப்பனை என்றும், பெண்மரத்தைப் பருவப்பனை என்றும் அப்பகுதியார் வழங்குவர். இரண்டினின்றும் பதநீர் இறங்கும். பனையேறி பாளையைக் கடிப்பால் இடுக்கிப் பதமாக்கி, நுனியை அரிவாளால் மெல்லச் சீவி, அடியிற் கலயத்தைக் கட்டுகிறார். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவப்பட்டிருக்கும். தடவாவிடில் சாறு புளித்துக் கள்ளாகிவிடும். கள்ளையும் பதநீரையும் பிரிப்பது அச்சுண்ணாம்பே. பாளையை நாள்தோறும் சீவ வேண்டும். ஒரு நாள் தவறினாலும் சுரப்புக் குன்றும். எனவே காய்ச்சலென்றும் கலியாணமென்றும் பனையேறி ஓய்ந்திருத்தல் அரிது.

இறக்கிய பதநீரை விடிலியிலே பெண்கள் காய்ச்சுவர். விடிலியென்பது பனந்தோப்பில் ஓலையால் வேய்ந்த குடில். நுரை பொங்கி வழிய வருங்கால் ஆமணக்கு முத்தை நசுக்கியிட, அது அடங்கும். நீர் வற்றிக் கூப்பனியாகி, மேலும் இறுகிப் பதம் வந்ததும் துடுப்பாற் கிண்டிச் சிரட்டைகளில் வார்ப்பர். சிரட்டையின் வடிவே கருப்பட்டியின் வடிவாயிற்று. ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ எட்டு முதல் பத்து லிட்டர்ப் பதநீர் செல்லும். பல மரங்கள் ஏறியிறங்கிய கூலியும், மணிக்கணக்கில் அடுப்பின்முன் வெந்த கூலியும் அக்கரிய கட்டிக்குள் அடங்கியுள்ளன.

இதனாலேயே அதன் விலை சீனியின் விலையினும் பன்மடங்கு. இதனாலேயே கலப்படமும் நுழைந்தது. மலிந்த சீனியைக் காய்ச்சிச் சேர்த்து வார்த்துவிட்டால் கண்ணுக்கு அதுவும் கருப்பட்டியே. உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பலரும் கொண்டாடினர். யாமும் மகிழ்ந்தோம். ஆயினும் குறியீடு பெயரைக் காக்குமேயன்றிச் சட்டிக்குள் எட்டிப் பாராது. மெய்ச்சரக்குக்கு உரிய விலை காய்ச்சுவோர் கைக்குச் சேராத வரையில், பொய்ச்சரக்கு நிற்குமென்று எமக்குத் தோன்றவில்லை.

மரத்தின் நிலையும் கவலைக்குரியதே. பனை 1978 முதல் தமிழ்நாட்டின் மாநில மரம். அப்பெருமை அதனைச் செங்கற் சூளையினின்று காக்கவில்லை. 2021இல் வெளியான வேளாண்மை நிதிநிலை அறிக்கையிலே, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டுமென்று அறிவிக்கப்பட்டது. பனைவிதை வழங்கவும் ஏற்பாடாயிற்று. விதை மரமாகிப் பாளை விட ஆண்டுகள் பல செல்லும். அன்று ஏறுவார் யார்? மரத்தினின்று விழுந்து மாண்டோரும் முடமானோரும் இல்லாத பனையூர் இல்லை. தம் மக்கள் அரிவாளை ஏந்தலாகாதென்றே அத்தந்தையர் அவர்களைப் படிக்க அனுப்பினர். நமது கல்லூரி விடுதியில் உண்டு படித்தோருள் கருப்பட்டிக் காசினால் கட்டணம் செலுத்தியோர் எத்தனை பேர்! எம்முள் ஒருவரின் பாட்டனாரும் பனையேறியே. அவர் பேரனை மரமேறச் சொல்ல எமக்கு வாயில்லை. மரம் போகட்டுமென்று சொல்லவும் மனமில்லை.

கருப்பட்டிக் கடைகளை அடுத்து ஓலைக் கடைகள். குருத்தோலையை உலர்த்தி, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலமாய்க் கிழித்து, சிலவற்றிற்குச் சாயமேற்றி, பெட்டி, கொட்டான், கிலுகிலுப்பை, விசிறி என முடைகின்றனர். அருகிலுள்ள மணப்பாட்டுப் பெண்கள் இத்தொழிலில் நெடுங்காலமாய்த் தேர்ந்தவர். பிளாஸ்டிக் கூடை ஒன்றின் விலைக்கு ஓலைப்பெட்டி கேட்டு ஓயாது வழக்காடிய ஒருவரைக் கண்டோம். கடைக்காரப் பெண் விடை கூறாது அடுத்த இழையை மடித்துக்கொண்டிருந்தாள்.

திரும்புமுன், மூதாட்டி ஒருத்தியிடம் கருப்பட்டி வாங்கினோம். நல்லதுதானா என்று கேட்டதற்கு அவள் சினக்கவில்லை. ஒன்றைக் கல்லில் தட்டி உடைத்து, "உள்ள பாருங்க தம்பி. பளபளன்னு மின்னுனா அது சீனி. இது மங்கிக் கெடக்கு பாத்தீங்களா?" என்றாள். மங்கித்தான் கிடந்தது. உடைத்த துண்டுக்கு அவள் காசு வாங்கவில்லை. அதனைத் தின்றுகொண்டே பேருந்து ஏறினோம்.

வாங்கியது மூன்று நாளில் விடுதியில் தீர்ந்தது. அது வந்த ஓலைப்பெட்டியில் இப்போது எம் எழுதுகோல்கள் இருக்கின்றன. மூடியைத் திறக்குந்தோறும் இன்னும் சுக்கு மணக்கிறது.